28 நாள் மாதமும் அம்மாவின் கொப்பியும்

நாட்காட்டியில் மாதத்துக்கு முப்பது நாள் அல்லது முப்பத்தொரு நாள். இங்கிலாந்தில் மருந்துப் பெட்டிக்கு மாதம் என்றால் 28 நாள். இடையில் இருக்கும் இரண்டு மூன்று நாள் வித்தியாசத்தை நான் கணக்கில் எடுக்கவேயில்லை. அது ஒரு பெரிய வெள்ளியன்று காலையில் வெற்று மருந்து அட்டையாக என் கையில் வந்து நின்றது.

அம்மாவுக்கு 78 வயது. யாழ்ப்பாணத்தில் இருந்தவர், அப்பா போன பிறகு லண்டனின் வடமேற்கில், ஹரோவில், எங்களோடு வந்து சேர்ந்தார். நீரிழிவு, பிரஷர், நீரிழிவினால் கால் நரம்புகளில் வந்த எரிவு, எலும்புத் தேய்வு எல்லாம் இருக்கின்றன. காலையில் நீரிழிவுக்கு மெட்ஃபோர்மின், கிளிக்லசைட், பிரஷருக்கு அம்லோடிபின், ரமிப்ரில். இரவில் மறுபடியும் மெட்ஃபோர்மின், கொலஸ்ட்ரோலுக்கு அடோர்வஸ்டடின், கால் எரிவுக்கு கபாபென்டின் கப்சூல் இரண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் எலும்புக்கான குளிசை ஒன்று. அதை வெறும் வயிற்றில், ஒரு முழுக் கோப்பை தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் சாயாமல் இருக்க வேண்டும்.

இவையெல்லாம் எங்கள் குடும்ப டொக்டரான ஜி.பி.யிடம் ‘தொடர் மருந்து’ப் பட்டியலில் இருக்கின்றன. குடும்ப டொக்டர் இருக்கும் இடத்தை இங்கே சர்ஜரி என்பார்கள். அம்மா அந்தச் சொல்லைக் கேட்டு முதலில் பயந்தே போனார். தொடர் மருந்து என்ற பெயரை நானும் பல காலம் தவறாகத்தான் விளங்கிக்கொண்டிருந்தேன். அது தானாகத் தொடராது. ஒவ்வொரு முறையும் டொக்டரைப் பார்க்காமலே கேட்டு வாங்கலாம் என்பதுதான் அதன் பொருள். கேட்காவிட்டால் யாரும் தரமாட்டார்கள்.

நான் ஒவ்வொரு மாதமும் முதலாம் தேதி கேட்பதை வழக்கமாக வைத்திருந்தேன். 2023 நவம்பர் முதலாம் தேதி தொடங்கிய வழக்கம் அது. அப்போது பழைய மருந்தில் ஒன்பது நாளுக்கு மிச்சம் இருந்தது. நவம்பரில் இரண்டு நாள், டிசம்பரில் மூன்று, ஜனவரியில் மூன்று, பெப்ரவரியில் ஒன்று என்று அந்த மிச்சம் ஓசையில்லாமல் கரைந்துகொண்டிருந்தது. மார்ச் 28ஆம் தேதி இரவோடு எல்லாம் முடிந்தது. மறுநாள் 29ஆம் தேதி பெரிய வெள்ளி. நான் வழக்கமாகக் கேட்கும் ஏப்ரல் முதலாம் தேதி ஈஸ்டர் திங்கள். நான்கு நாளும் சர்ஜரி பூட்டு.

111 என்ற எண்ணுக்கு அழைத்தேன். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓட வேண்டிய நிலை இல்லாதபோது அழைக்கும் இலவச எண் அது. வழக்கமாகப் போடும் மருந்து தீர்ந்துவிட்டது என்று சொன்னால், திறந்திருக்கும் பார்மசி ஒன்றுக்கு அனுப்புவார்கள். இணையத்திலும் இதைச் செய்யலாம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இரண்டு பஸ் மாறிப் போனேன். அங்கிருந்த மருந்தாளர் பெண் அம்மாவின் பதிவைக் கணினியில் பார்த்து, பிரஷர் குளிசைகளையும் நீரிழிவுக் குளிசைகளையும் சில நாளுக்குத் தந்தார். கபாபென்டின் மட்டும் தர முடியாது என்றார். 2019 ஏப்ரலில் இருந்து அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளின் வரிசையில் இருக்கிறது. அந்த வகை மருந்தை மருந்தாளர் டொக்டர் எழுதும் மருந்துத் துண்டு இல்லாமல் அவசரத்துக்குக்கூடக் கொடுக்கச் சட்டம் இடம் தராது. அதே நேரம், அது திடீரென்று நிறுத்தக் கூடாத மருந்தும்கூட. மறுபடியும் 111க்கு அழைத்து, இரவு நேர டொக்டர் ஒருவரின் அழைப்புக்காகக் காத்திருக்கச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து, தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு அழுதேன். அம்மா எழுந்து தன் அறைக்குப் போனார். பழைய வெண்ணெய் பிஸ்கட் டின் ஒன்றோடு திரும்பி வந்தார்.

“கோபிக்காதே பிள்ளை. இதில் கிடக்கிறது.”

உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்ட கப்சூல்கள். கப்சூலின் கூடு மாட்டெலும்பில் இருந்து எடுக்கும் ஜெலட்டினால் செய்யப்படுகிறது என்று கோயிலில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அம்மா வெள்ளிக்கிழமைகளில் மச்சம் தொடாதவர். ஐந்து மாதமாக, ஒவ்வொரு வெள்ளி இரவும், நான் எடுத்து வைத்த இரண்டு கப்சூல்களை விழுங்குவதுபோல் காட்டிவிட்டு டின்னுக்குள் போட்டிருக்கிறார். சனிக்கிழமைகளில் மட்டும் ஏன் கால் எரிகிறது, ஏன் நித்திரை இல்லை என்று நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன்! அன்று அந்த டின் எங்களைக் காப்பாற்றியது. ஆனாலும் அன்றிரவு எனக்கும் நித்திரை வரவில்லை. மருந்தை வாங்குவது பற்றி மட்டுமே யோசித்த நான், அது அம்மாவின் வாய்க்குள் போகிறதா என்பதைப் பார்க்கத் தவறிவிட்டேன்.

ஈஸ்டர் முடிந்ததும் சர்ஜரியில் மருந்து மீளாய்வுக்கு நேரம் கேட்டேன். இப்போது பல சர்ஜரிகளில் டொக்டர்களோடு மருந்தாளர் ஒருவரும் வேலை செய்கிறார். மருந்து சம்பந்தமான அலுவல்களுக்கு அவரைக் கேட்பதே நல்லது என்பது என் அனுபவம். டொக்டருக்குப் பத்து நிமிடத்தில் எல்லாம் பார்க்க வேண்டும். மருந்தாளருக்குப் பட்டியல்தான் வேலை. நேரம் கேட்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் சொன்னேன். அதற்குக் காசு இல்லை. தொலைபேசி வழியாக ஒருவரைச் சேர்த்துக்கொள்வார்கள்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், அதற்கு முன் ஒரு தடவை எனக்கு வேலையில் இருந்து வர முடியாமல், என் பதின்மூன்று வயது மகன் அம்மம்மாவுக்காகப் பேசிக்கொடுக்கட்டும் என்று அனுப்பினேன். சிறுநீர் அடக்க முடியாத கஷ்டத்தை அம்மா பேரனுக்கு முன்னால் எப்படிச் சொல்வார்? சொல்லாமலே வந்துவிட்டார். பிள்ளைகளை மொழிபெயர்க்க அனுப்பாதீர்கள். மகளான நான் கூட இருக்கும்போதுகூட அம்மா சில விடயங்களைச் சொல்வதில்லை. அன்று மொழிபெயர்ப்பாளரிடம், முகம் தெரியாத அந்தக் குரலிடம், வெள்ளிக்கிழமைக் கதையை முழுதாகச் சொன்னார். மருந்தாளர் சிரிக்கவில்லை, திட்டவில்லை. இரவில் 300 மில்லிகிராம் கப்சூல் இரண்டு போடுவதற்குப் பதில் 600 மில்லிகிராம் குளிசை ஒன்று இருக்கிறது, அதற்குக் கூடு இல்லை என்றார். இரண்டு நிமிடத்தில் பட்டியலில் மாற்றினார். ஐந்து மாதத்துக் கால் எரிவுக்கு இரண்டு நிமிடம்.

டின்னில் இருந்த மிச்சக் கப்சூல்களைப் பார்மசியில் ஒப்படைத்தேன். அவற்றை வேறு யாருக்கும் கொடுக்கமாட்டார்கள், அழித்துவிடுவார்கள். அம்மாவுக்கு அது மனவருத்தம். 2022இல் இலங்கையில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, இங்கே மிஞ்சுவதை ஊரில் இருக்கும் சின்னம்மாவுக்கு அனுப்புவோம் என்று நின்றவர் அவர். அந்த மனம் எனக்கு விளங்குகிறது. ஆனால் ஒருவரின் இரத்தத்தைப் பார்த்து அளந்த அளவு இன்னொருவருக்கு விஷமாகலாம். அப்போதும் காசுதான் அனுப்பினோம்.

அதன்பிறகு முதலாம் தேதி வழக்கத்தை விட்டேன். 28 நாள் என்பது சரியாக நான்கு கிழமை. ஆகவே வருடத்துக்குப் பன்னிரண்டு தடவை கேட்டால் போதாது, பதின்மூன்று தடவை கேட்க வேண்டும். சமையலறை நாட்காட்டியில் நான்கு கிழமைக்கு ஒரு புதனைச் சிவப்பால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். அன்று அம்மாவிடம் இன்னும் ஏழு நாளுக்கு மருந்து இருக்கும். எங்கள் சர்ஜரி கோரிக்கையைப் பார்க்க இரண்டு வேலை நாள் எடுக்கும். ‘வேலை நாள்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். சனி, ஞாயிறு, வங்கி விடுமுறை எதுவும் அதில் இல்லை. பார்மசிக்கு இன்னும் ஒன்றிரண்டு நாள். புதனில் கேட்டால் அடுத்த திங்களில் பை கையில் இருக்கும். நத்தார், ஈஸ்டர் வந்தால் ஒரு கிழமை முந்திவிடுகிறேன். காரணத்தை ஒரு வரியில் எழுதினால் மறுப்பதில்லை. காரணம் இல்லாமல் இரண்டு கிழமை முந்திக் கேட்டால் ‘நேரம் வரவில்லை’ என்று திருப்பிவிடுவார்கள்.

எல்லா மருந்தும் ஒரே நாளில் முடிவதும் முக்கியம். புதிதாக ஒன்று நடுவில் தொடங்கினால் அதன் 28 நாள் வேறு நாளில் முடியும். பிறகு ஒவ்வொரு கிழமையும் பார்மசிக்கு நடக்க வேண்டி வரும். “எல்லாவற்றையும் ஒரே தேதிக்குக் கொண்டுவர முடியுமா?” என்று சர்ஜரியில் கேட்டேன். ஒரு தடவை மட்டும் சிலவற்றைக் குறைத்துத் தந்து சரிப்படுத்தினார்கள்.

கேட்கும் வழிகள் பல. அரச சுகாதார சேவையான என்.எச்.எஸ்.இன் செயலியில் கேட்கலாம். சர்ஜரியின் இணையத்தளத்தில் கேட்கலாம். மருந்துப் பையோடு வரும் பட்டியல் தாளில் வேண்டியதற்கு அடையாளமிட்டு சர்ஜரி வாசலில் இருக்கும் பெட்டியில் போடலாம். எங்கள் சர்ஜரி தொலைபேசியில் எடுப்பதில்லை. பெயர்கள் காதில் ஒன்றுபோல ஒலிக்கும், பிழை வரும் என்பது காரணம். அது நியாயம். பார்மசி எங்கள் சார்பில் கேட்பதையும் நிறுத்திவிட்டார்கள், தேவையில்லாததும் சேர்ந்து வந்து வீணாகிறது என்று. அம்மாவின் பெயரில் நான் செயலியில் கேட்பதற்கு, அம்மாவின் சம்மதத்தோடு சர்ஜரியில் ஒரு படிவம் நிரப்பினோம். இப்போது என் கைத்தொலைபேசியில் என் கணக்கிலிருந்து அம்மாவின் பக்கத்துக்கு மாறலாம். அம்மாவின் கடவுச்சொல்லை நாம் வைத்திருந்து நுழைவதைவிட இது நேர்மையான வழி, பாதுகாப்பான வழியும்கூட.

அனுப்பியதோடு அலுவல் முடிந்துவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். ஒரு தடவை அம்மாவின் மெட்ஃபோர்மின் மட்டும் மறுக்கப்பட்டிருந்தது. மீளாய்வுத் தேதி கடந்துவிட்டது, இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று செயலியில் ஒரு சின்ன வரி. நான் அதைத் திறந்து பார்க்கவேயில்லை. பையில் ஒன்று குறைகிறது என்று வீட்டுக்கு வந்த பிறகே கண்டேன். இப்போது புதன் கேட்டு, வெள்ளி மாலை திறந்து பார்க்கிறேன். மீளாய்வுத் தேதி பட்டியலிலேயே இருக்கும். வருடத்துக்கு ஒரு தடவையாவது வரும். அதற்கு ஒரு மாதம் முன்பே சீனி அளவுக்கும் சிறுநீரகத்துக்கும் இரத்தம் கொடுத்துவிட்டால் பூட்டு விழாது.

வரவேற்பில் இருப்பவர்களோடு எங்களில் பலர் சண்டை பிடிப்பதைக் கண்டிருக்கிறேன். நானும் குரல் உயர்த்தியிருக்கிறேன், பிறகு வெட்கப்பட்டிருக்கிறேன். அவர்களுக்கு மருந்து எழுத அதிகாரம் இல்லை. “அம்மாவின் மருந்து இன்னும் வரவில்லை” என்றால் அவர்களால் வரிசையில் காத்திருக்கச் சொல்ல மட்டுமே முடியும். “அம்மாவின் பிறந்த தேதி இது. கிளிக்லசைட் 80 மில்லிகிராம். புதன்கிழமை கேட்டேன். நாளை காலைக்குப் பிறகு குளிசை இல்லை. இன்று கையொப்பமிடும் டொக்டருக்குச் செய்தி அனுப்ப முடியுமா?” என்று கேட்டால் வேலை நடக்கிறது. மருந்தின் பெயர், அளவு, எத்தனை நாளுக்கு மிச்சம், இவை மூன்றும் வாயில் இருக்க வேண்டும்.

டொக்டர் கையொப்பமிட்டதும் துண்டு மின்வழியில் நாங்கள் தெரிந்தெடுத்த பார்மசிக்குப் போகும். அந்தத் தெரிவு எங்கே நிற்கிறது என்பதை அவ்வப்போது பாருங்கள். ஒரு தடவை வீட்டுக்கே மருந்து வரும் என்ற விளம்பரத்தை நம்பி ஏதோ ஓர் இணையப் பார்மசியில் பெயரைப் பதிந்தேன். தெரிவு அங்கே மாறிவிட்டது எனக்குத் தெரியாது. எங்கள் தெருமுனைப் பார்மசிக்காரர், குஜராத்திக்காரர், அம்மாவை “மாசி”, அதாவது சின்னம்மா, என்று அழைப்பவர், தனக்கு எதுவும் வரவில்லை என்று கையை விரித்தார். துண்டு எங்கோ தொலைவில் இருந்த கிடங்கில் இறக்கப்பட்டுவிட்டது. இறக்கிய பார்மசி அதைத் திருப்பி விட்டால்தான் மற்றவர் எடுக்க முடியும். அதற்கு நான் அவர்களைத் தொலைபேசியில் பிடிக்க ஒரு முழுக் காலை போனது. சாதாரணத் துண்டு ஆறு மாதம் செல்லும், அதனால் அவசரமில்லை. கபாபென்டின் போன்றவற்றுக்கு 28 நாள்தான், அது கழிந்தால் புதிதாகக் கேட்க வேண்டும்.

பார்மசியில் பையை வாங்கியதும் கடைக்குள்ளேயே திறந்து எண்ணுங்கள். இருப்பு இல்லாவிட்டால் பாதியைத் தந்து, மிச்சத்துக்குக் கடன் துண்டு ஒன்று வைப்பார்கள். அந்தத் துண்டைத் தொலைத்து நான் பதினான்கு நாளை மறந்திருக்கிறேன். பெட்டியின் நிறமும் மாறும். ஒரே அம்லோடிபின் ஒரு மாதம் நீலப் பெட்டி, அடுத்த மாதம் மஞ்சள். “பிள்ளை, இது என்னுடைய குளிசை இல்லை” என்று அம்மா தள்ளி வைத்துவிடுவார். தயாரிக்கும் நிறுவனம்தான் மாறியிருக்கிறது. இப்போது ஒவ்வொரு பெட்டியிலும் கறுப்புப் பேனாவால் ‘பிரஷர் – காலை’, ‘சீனி – சாப்பாட்டோடு, காலை இரவு’ என்று தமிழில் எழுதுகிறேன். அம்மா வாசிப்பதில் கெட்டிக்காரர். அவர் வாசிக்கத் தெரிந்த எழுத்தில் அந்தப் பெட்டியில் ஒன்றும் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

காசைப் பற்றியும் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு 60 வயது கடந்ததால் எல்லாம் இலவசம். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் யாருக்கும் கட்டணமில்லை. இங்கிலாந்தில் மற்றவர்கள் ஒவ்வொரு மருந்துக்கும் கட்ட வேண்டும். 2024 மே முதலாம் தேதி அது 9 பவுண்ட் 90 பென்ஸ் ஆனது. என் கணவருக்குப் பிரஷருக்கும் கொலஸ்ட்ரோலுக்குமாக மூன்று குளிசை. வருடத்தில் பதின்மூன்று தடவை, மொத்தம் 39 மருந்து, 386 பவுண்ட் 10 பென்ஸ். முன்கட்டணச் சான்றிதழ் வாங்கினால் வருடம் முழுவதற்கும் 114 பவுண்ட் 50 பென்ஸ்தான், பத்துத் தவணையில் கட்டலாம். வருடத்தில் பன்னிரண்டு மருந்து வாங்குபவருக்கே அது இலாபம். இதைத் தெரியாமல் இரண்டு வருடம் ஒவ்வொன்றுக்கும் கட்டினோம். ஒருவரும் சொல்லவில்லை. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவருக்கும், தைரொயிட் குறைவுக்கு மருந்து எடுப்பவருக்கும் விலக்குச் சான்றிதழ் உண்டு, அதற்கான படிவம் சர்ஜரியில் கிடைக்கும். சான்றிதழ் கிடைத்தால் எந்த வருத்தத்துக்கான மருந்துக்கும் கட்டணம் இல்லை. ஆனால் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டால் மட்டும் நீரிழிவைப் பார்த்துக்கொள்பவருக்கு அது பொருந்தாது. எங்களுக்குத் தெரிந்த அண்ணா ஒருவர் அப்படி இருந்துகொண்டு ‘நீரிழிவு’ என்று அடையாளமிட்டு, அபராதக் கடிதம் வாங்கினார். அபராதம் 100 பவுண்ட் வரை போகும்.

கணவரின் மருந்து மாறாத மருந்து என்பதால், டொக்டர் ஒரே தடவையில் பல மாதத்துக்குக் கையொப்பமிட்டுவிட்டார். அவர் ஒவ்வொரு முறையும் கேட்கத் தேவையில்லை, நேரே பார்மசியில் எடுக்கிறார். நிலையான மருந்து உள்ளவர்கள் இதைக் கட்டாயம் கேட்டுப் பாருங்கள். அம்மாவுக்கு இது சரிவராது. பட்டியல் அடிக்கடி மாறுகிறது, கபாபென்டினும் இருக்கிறது.

பட்டியல் மாறுவதைப் பற்றிச் சொன்னேன். என்னை உண்மையாகவே நடுங்க வைத்தது அதுதான்.

2024 செப்டெம்பரில் நெஞ்சுச் சளியால் அம்மா நான்கு நாள் வைத்தியசாலையில் இருந்தார். மாதக்கணக்காக இருந்த வறட்டு இருமலைக் கேட்ட வார்ட் டொக்டர், அது ரமிப்ரிலால் வந்ததாக இருக்கலாம் என்று அதை நிறுத்தி, லொசார்டன் தொடங்கினார். நல்ல முடிவு, இருமல் பிறகு போயே போனது. வீட்டுக்கு வரும்போது இரண்டு கிழமைக்கு லொசார்டன் தந்தார்கள். கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், நடுவில், ‘ரமிப்ரில் நிறுத்தப்பட்டது’ என்று இருந்தது. கடிதம் சர்ஜரிக்குப் போயிருந்தது. ஆனால் சர்ஜரியின் தொடர் மருந்துப் பட்டியலில் இருந்து ரமிப்ரிலை யாரும் எடுக்கவில்லை. அந்தக் கிழமை நான் வழக்கம்போலச் செயலியில் எல்லாவற்றுக்கும் அடையாளமிட்டேன். டொக்டர் கையொப்பமிட்டார். பார்மசி கொடுத்தது. அம்மா ஒன்பது நாள் இரண்டையும் போட்டார்.

கதிரையில் இருந்து எழும்போது தலை சுற்றுகிறது என்றார். வருத்தத்தின் அசதி என்று நினைத்தேன். பத்தாம் நாள் வீட்டு இயந்திரத்தில் பிரஷர் 92க்கு 54 காட்டியது. தெருமுனைப் பார்மசிக்கு அழைத்து, மேசையில் இருந்த ஒவ்வொரு பெட்டியின் பெயரையும் வாசித்தேன். லொசார்டனில் மருந்தாளர் என்னை நிறுத்தினார். “ரமிப்ரிலை அந்தப் பக்கம் வையுங்கள். இப்போதே சர்ஜரிக்கு அழையுங்கள்” என்றார். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேலையைச் செய்பவை. சேர்ந்தால் பிரஷர் விழும், பொட்டாசியம் ஏறும், சிறுநீரகத்துக்குக் கேடு. அன்றே இரத்தம் எடுத்தார்கள். பொட்டாசியம் கொஞ்சம் ஏறியிருந்தது, ஒரு கிழமையில் இறங்கியது. தப்பினோம்.

யாரைக் குற்றம் சொல்வது? வைத்தியசாலை எழுதியது. சர்ஜரிக்கு ஒரு நாளில் எத்தனையோ கடிதம். பார்மசிக்கு அந்தக் கடிதம் வரவேயில்லை. எல்லோருடைய மேசையிலும் ஒவ்வொரு துண்டு இருந்தது, முழுப் படம் ஒருவரிடமும் இல்லை. வைத்தியசாலையில் இருந்து வெளியேறும்போது, மாற்றங்களை எங்கள் பார்மசிக்கும் அனுப்பும்படி கேட்கலாம். 2021இல் இருந்து இங்கிலாந்தில் அதற்கென்றே ஒரு சேவை இருக்கிறது. எனக்கு அது தெரியாது. இப்போது யாராவது வைத்தியசாலையில் இருந்து வருகிறார்கள் என்று கேள்விப்பட்டால் சுகம் கேட்பதற்கு முன் இதைத்தான் சொல்கிறேன்.

அம்மா அந்த நேரம் ஒரு கேள்வி கேட்டார்: “ஏன் இங்கே கிளினிக் கொப்பி தருவதில்லை?”

எனக்கு ஒரு கணம் பேச்சு வரவில்லை. நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் ஊர் டொக்டரின் டிஸ்பென்சரியில், பார்ப்பவரும் மருந்து தருபவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். சின்னக் கடதாசி உறையில் குளிசைகளைப் போட்டு, மேலே கோடுகளால் காலை, மத்தியானம், இரவு என்று குறித்துத் தருவார்கள். பிறகு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் கிளினிக்குக்கு அம்மா மாதம் தவறாமல் போனபோது, அவரிடம் ஒரு கொப்பி இருந்தது. மண்ணிறத் தாளால் உறை போட்டிருப்பார். எந்த டொக்டர் பார்த்தாலும் அதிலேதான் எழுதுவார். என்ன நிறுத்தினார்கள், என்ன கூட்டினார்கள், பிரஷர் எவ்வளவு, எல்லாம் அதில் இருக்கும். கொப்பி நோயாளியின் கையில் இருந்தது. இங்கே எல்லாம் கணினியில் இருக்கிறது என்று நாங்கள் கையை வெறுமையாக்கிவிட்டோம்.

அடுத்த நாளே ஒரு கொப்பி வாங்கினேன். அம்மாவே உறை போட்டார். முதல் பக்கத்தில் இப்போதைய பட்டியல்: மருந்தின் பொதுப்பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும், அளவு, எதற்கு, எப்போது, யார் எந்தத் தேதியில் தொடங்கினார். பெட்டியின் நிறத்தைப் பென்சிலால் எழுதுகிறோம், மாறும் என்பதால். இரண்டாம் பக்கம்தான் எனக்குப் பெரியது: நிறுத்திய மருந்துகள். ரமிப்ரில், தேதி, காரணம் இருமல். கூடவே ‘சர்ஜரிப் பட்டியலில் இருந்து எடுத்தாயிற்றா?’ என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் அடையாளம் விழும்வரை நான் விடுவதில்லை. அதற்குப் பிறகு பிரஷர், சீனி அளவுகள், கேட்ட தேதி, வந்த தேதி. கடையில் வாங்கும் பனடோல், ஊரில் இருந்து வந்த சூரணம், எல்லாவற்றையும் எழுதுகிறோம். சர்ஜரியின் பட்டியலில் அவை ஒருநாளும் இருக்காது.

கொப்பி வந்த பிறகு அம்மா மாறினார். முன்பு நான் எடுத்துக் கொடுப்பதைப் போடுவார், அல்லது போடாமல் ஒளிப்பார். இப்போது தானே கேட்கிறார். அந்த நவம்பரில் கந்தசஷ்டி வந்தது. ஆறு நாளும் பகலில் ஒன்றும் உண்ணாமல் மாலையில் ஒரு நேரம் உண்பது அவருடைய வழக்கம். கிளிக்லசைட் போட்டுவிட்டு உண்ணாமல் இருந்தால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். முன்பென்றால் எனக்குச் சொல்லாமலே விரதம் இருந்திருப்பார். இந்தத் தடவை பத்து நாளுக்கு முன்பே கொப்பியைத் தூக்கிக்கொண்டு, “மருந்தாளரிடம் கேள்” என்றார். அவர் டொக்டரோடு கதைத்து, அந்த ஆறு நாளுக்கு எந்தக் குளிசையை எப்போது போடுவது, சீனி எவ்வளவுக்குக் கீழே போனால் விரதத்தை முறிப்பது என்று சொன்னார். நான் எழுதினேன், அம்மா வாசித்துச் சரி பார்த்தார். நான்காம் நாள் தலை விறைக்கிறது என்று அளந்து பார்த்து, தானே பழரசம் குடித்தார். முருகன் கோபிக்கமாட்டார் என்றார்.

2025இல் நல்லூர்த் திருவிழாவுக்கு அம்மா ஆறு கிழமை ஊருக்குப் போனார். பயணத் தேதிகளைக் காட்டி ஒரு மாதம் முன்பே கேட்டதால் முழுக் காலத்துக்கும் மருந்து தந்தார்கள். மூன்று மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் சர்ஜரியின் பதிவில் இருந்தே பெயரை எடுத்துவிடலாம் என்பதையும் தெரிந்துகொண்டோம். மருந்துகளை அவற்றின் சொந்தப் பெட்டிகளிலேயே கைப்பையில் வைத்தோம், பெரிய பெட்டியில் போடவில்லை. கபாபென்டினுக்காகத் துண்டின் பிரதியும் சர்ஜரியின் கடிதமும் வைத்தோம். கடிதத்துக்குக் கட்டணம் எடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, விபூதிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில், கொப்பி.

திரும்பி வந்த அன்று இரவு அதைத் திறந்தேன். நடுவில் எனக்குத் தெரியாத கையெழுத்து. வெயிலில் நின்று களைத்து யாழ்ப்பாணத்தில் ஒரு டொக்டரிடம் போயிருக்கிறார். அவர் அம்மாவின் கொப்பியை வாங்கி முழுதும் வாசித்துவிட்டு, பிரஷர் 104க்கு 60, அம்லோடிபின் பாதியாகக் குறைக்கப்பட்டது, லண்டன் டொக்டர் மறுபடி பார்க்கவும் என்று எழுதி, தேதியும் கையொப்பமும் இட்டிருந்தார். மறுநாள் காலை எட்டு மணிக்கு அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து சர்ஜரிக்கு அனுப்பினேன். வெள்ளிக்கிழமை செயலியைத் திறந்து பார்த்தபோது, அம்மாவின் பட்டியலில் அம்லோடிபின் 10 என்று இருந்த இடத்தில் 5 என்று இருந்தது.